ஆறப் பொறுக்காத ஊர்

மூக்கன்துறையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு நாலாவது வார்த்தை வராது, மூன்றாவதும் சந்தேகம்தான். இங்கேயே பிறந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டு, இங்கேயே தாலியையும் கழற்றி வைத்து, பதினாலு வருஷமாக நண்டுக் கம்பெனிக் கொட்டகையில் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்து அவித்த நண்டின் ஓட்டைத் திறந்து சதை எடுத்துக்கொண்டிருக்கிறவள் நான், பெயர் பிரகாசி. என் கூடப்பிறந்த ஒரே தம்பி தொபியாஸை இந்த ஊர் என்ன செய்தது என்று சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன். அதற்கு முதலில் நண்டுகள் சத்தம் போட்ட கதையைச் சொல்ல வேண்டும்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வள்ளத்துக்காரர்கள் மட்டும் போய் வந்து, கரையில் வலையைப் பரத்திப் போட்டு, கண்ணி கண்ணியாக நண்டைக் கழற்றிக்கொண்டிருந்த நேரத்தில் நண்டுகளின் வயிறு சத்தம் போட ஆரம்பித்தது. நண்டுக்கு வயிற்றில்தான் பல். மூன்று பல். தின்றதை உள்ளே தள்ளி, அங்கே வைத்து அரைக்கும். ஓடு திறக்கிற எங்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. அதுவரை சத்தமில்லாமல் அரைத்தது, அன்றிலிருந்து சத்தமாக அரைத்தது, அவ்வளவுதான். தட்... தடதட்... தட். மறுபடி தட்... தடதட்... தட். வலையில் கிடந்ததும், கூடையில் கிடந்ததும், தப்பித்து மணலில் ஓடியதும், ஆண் நண்டும், சினை நண்டும், உள்ளங்கை அகல நண்டும், பொத்தான் அளவுக் குஞ்சும், எல்லாம் ஒரே தாளம்.

ஏன் என்று கேட்டவர் ஒருவருமில்லை. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பிள்ளைகளைத் தூங்க வைக்கத் தொட்டிலுக்கடியில் வாளியில் இரண்டு நண்டு விட்டார்கள், கோயில் பாடற்குழுவில் தபேலாக்காரன் தப்பு விட்டால் "ஏலே, போய் நண்டுகிட்ட படிச்சிட்டு வா" என்று கேலி செய்தார்கள், சாமியார் பிரசங்கத்தில் நண்டுகளைப் போல ஒருமனப்பட்டிருங்கள் என்றார். ஒரு முழம் கரைக்காக மண்டையை உடைத்துக்கொள்ளும் இந்த ஊரில் ஒற்றுமை இருந்த ஒரே இடம் நண்டின் வயிறுதான் என்று நான் கொட்டகையில் சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒன்றை அப்போதே உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு ஓடு திறக்கிறவளின் கண்ணுக்குத் தெரியும், உள்ளே ஒரு நண்டைப் போல இன்னொன்று இல்லை. வயிற்றின் மேல் வெள்ளை நூலாக நரம்பு போகும். ஒன்றுக்கு அது தடித்திருக்கும், ஒன்றுக்கு முடியாக இளைத்திருக்கும், ஒன்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கிளை கூடுதல், ஒன்றுக்கு அந்தப் பக்கம் ஒரு முடிச்சு குறைச்சல். அத்தனையும் எப்படியோ தன் தன் வழியில் இழுத்துக்கட்டிக்கொண்டு ஒரே தாளத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஒரே குழம்பை ஊரில் ஆளுக்கொரு பக்குவத்தில் வைக்கிறோமே, அப்படி. ஆனால் ஊர் வெளிச்சத்தத்தை மட்டும் கேட்டது. எல்லா நண்டும் ஒன்றுதான், எந்த நண்டும் எந்த மனிதனுக்கும் சாட்சி சொல்லும் என்று முடிவு கட்டியது.

முடிவு கட்டியவர் ஊர்க் கமிட்டித் தலைவர் தஸ்நேவிஸ். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு, கை கழுவுகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் நியாயம் பேசுகிற மனிதர். அந்த வருஷம் கஸ்பார் என்பவனின் நண்டு வலையை யாரோ கடலில் வெட்டிப் போட்டார்கள். கஸ்பார் என் தம்பி தொபியாஸைக் கைகாட்டினான், இரண்டு பேருக்கும் வலை போடுகிற இடத்தில் பழைய தகராறு. தொபியாஸ் இல்லை என்றான். பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன் என்றான். தஸ்நேவிஸ், "பைபிள் மேல பொய்ச்சத்தியம் பண்ணுன பயலுவ இந்த ஊர்ல நூறு பேரு இருக்கான். நண்டு பொய் சொல்லாது" என்றார்.

அன்றைக்கு ஏற்பட்டதுதான் நண்டுச் சாட்சி. குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு நண்டைப் பிடித்து வந்து, அதைக் கையில் ஏந்தித் தன் வார்த்தையைச் சொல்லி, கடல் தண்ணீர் நிறைந்த அலுமினியக் குண்டாவில் விட வேண்டும். குண்டாவுக்கு அடியில் சிறு தீ. கமிட்டி ஆள் மிக்கேல் தண்ணீரில் விரலை விட்டுக்கொண்டே இருப்பான். அவன் விரல் பொறுக்கிற மட்டும் நண்டு தாளம் தப்பாமல் தட்டினால் சொன்னது உண்மை, அதற்குள் தப்பினால் பொய். தீர்ப்பு ஆனதும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, சாட்சியைக் கறி வைத்து, குற்றவாளி வீட்டார் உட்பட எல்லாரும் ஆளுக்கொரு வாய் தின்ன வேண்டும். தின்றால்தான் தீர்ப்பை ஒத்துக்கொண்டதாக அர்த்தம். வெங்காயம் நறுக்கி மசாலா அரைத்து வைத்துவிட்டுத்தான் நியாயம் கேட்கவே உட்காருவார்கள்.

தொபியாஸின் நண்டு தண்ணீர் வெதுவெதுப்பானதுமே தடுமாறியது. தட் என்ற இடத்தில் தட்தட் என்றது, தடதட் என்ற இடத்தில் தடதடதடதட் என்றது. ஒவ்வொரு தட்டும் இரண்டு இரண்டாக விழுந்தது. மிக்கேல் விரலை எடுக்கக்கூட இல்லை. "இரட்டிச்சிருச்சு! ரெட்டை நாக்கு!" என்று கஸ்பார் துள்ளினான். அவன் பெண்டாட்டி வெரோணிக்காள் அடுப்படியில் உட்கார்ந்து ஓலையைத் தள்ளித் தள்ளி எரித்துக்கொண்டிருந்தாள். அவளை அன்று பார்த்த பார்வையை நான் இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை. தொபியாஸின் வள்ளத்தைக் கரையிலிருந்து இழுத்து ஊர் எல்லைக்கு வெளியே உப்பளத்தில் கவிழ்த்துப் போட்டார்கள். அவன் மூன்று சட்டையை ஒரு பையில் திணித்துக்கொண்டு மலையாளக் கரைக்குப் பஸ் ஏறினான். எட்டு வயதிலிருந்து நான் சோறூட்டி வளர்த்த பிள்ளை. நாலு வருஷமாகிறது, ஒரு போன் இல்லை.

அதற்குப் பிறகு ஊர் ருசி கண்டுவிட்டது. கோழி காணோம் என்றால் நண்டு, வரப்போகிற மருமகள் மேல் சந்தேகம் என்றால் நண்டு. சூட்டில் ஒவ்வொரு நண்டும் ஒவ்வொரு மாதிரி உடைந்தது, குளிர்ச்சியில் ஒன்றாக இருந்ததெல்லாம் வெந்நீரில் தன் தன் வழிக்குப் போனது. எனக்கு அதன் காரணம் தெரியும், உள்ளே ஒன்றைப் போல ஒன்று இல்லை. தஸ்நேவிஸுக்கோ காரணம் வேறு. சிமெண்ட் மூட்டைத் தாளைப் பிரித்து அதில் பெரிய எழுத்தில் எழுதி ஏலக் கொட்டகையில் ஒட்டினார்: இரட்டித்தால் திருட்டு. நொண்டினால் சோரம். நின்றுபோனால் கொலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்கள்.

தஸ்நேவிஸின் சொந்தபந்தங்கள் மட்டும் எந்த வழக்கிலும் தோற்றதில்லை. அவர் வீட்டு மொட்டைமாடியில் ஒரு சிமெண்ட் தொட்டி இருந்தது. அதில் கடல் தண்ணீர் நிரப்பி, பட்டப்பகல் வெயிலில் மாதக்கணக்காக நண்டு வளர்த்தார்கள். நாள்தோறும் சூடு கண்ட நண்டு குண்டாவுக்கு அசருமா? மிக்கேல் கையை உதறி எடுக்கிற மட்டும் தாளம் தப்பாமல் தட்டும். கிழங்கு அவிக்கிற தண்ணீரிலேயே நீச்சல் பழகின சாட்சிகள் அவை. ஊருக்கு இது தெரியாமலில்லை. தெரிந்தும் தெரியாதது போல இருப்பதற்குப் பெயர்தான் இங்கே கட்டுப்பாடு.

நாலு வருஷத்தில் ஆறு வீடு ஆள் போய்ப் பூட்டிக் கிடந்தது. ஏழாவதாக வந்தவள் வெரோணிக்காள்.

கஸ்பார் போன மழைக்குச் செத்துப்போனான். குடித்துக் குடித்து ஈரல் வெந்து செத்தான் என்று நாய்க்கும் தெரியும். ஆனால் அவன் தம்பி லம்பர்ட்டுக்கு அண்ணன் கட்டின இரண்டு அறை வீட்டின் மேல் கண். மைனி கஞ்சியில் எதையோ கலந்து கொடுத்து அண்ணனைக் கொன்றுவிட்டாள் என்று கமிட்டியில் பிராது வைத்தான். தோற்றால் வெரோணிக்காள் தன் இரண்டு பெண்பிள்ளைகளோடு ஊரை விட்டுப் போக வேண்டும், வீடு லம்பர்ட்டுக்கு. அதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இதை மறைக்க எனக்கு வெட்கமில்லை. அன்றைக்கு ஓலை தள்ளினாயே, இன்றைக்கு நீ வேகு என்று கொட்டகையில் அவள் காதில் விழவே சொன்னேன். அவள் நிமிரவில்லை. அவளும் ஆறு வருஷமாக என் எதிர் பலகையில் உட்கார்ந்து ஓடு திறக்கிறவள்தான். என் கண் கண்டதெல்லாம் அவள் கண்ணும் கண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பத்து மணிக்கு ஏலக் கொட்டகையில் ஊர் கூடியது. வெரோணிக்காள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலையில் முட்டளவுத் தண்ணீரில் இறங்கித் தானே பிடித்த ஒரு நண்டை ஏந்தி, "எம் புருசனுக்கு நான் கஞ்சிதான் ஊத்துனேன், வேற ஒண்ணும் ஊத்தல" என்று சொல்லிக் குண்டாவில் விட்டாள். அவள் பெண்பிள்ளைகள் இரண்டும் ஐஸ் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தன. தட்... தடதட்... தட். லம்பர்ட்டே தீயைத் தள்ளினான். தண்ணீர் வெதுவெதுத்தது. நண்டு கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது, பிறகு ஒரு காலை இழுத்து நடக்கிறவன் மாதிரி நொண்டியது, நொண்டி நொண்டி இடைவெளி நீண்டு, கடைசியாக ஒரு தட் போட்டு அப்படியே நின்றுபோனது.

"நின்னுட்டு! கொலைதான்! நான் சொல்லல?" என்று லம்பர்ட் கத்தினான். கூட்டம் தாளைப் பார்த்து ஒரே குரலில், "நின்னா கொலை!" என்றது. பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. மிக்கேல் விரலைத் துடைத்துக்கொண்டான். யாரோ மசாலாச் சட்டியை எடுத்து வந்தார்கள்.

வெரோணிக்காள் குண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சூடு அவள் கையைச் சுட்டது, விடவில்லை.

"தலைவரே, தீயை எடுங்க. இது ஆறட்டும்."

"எதுக்கு ஆறணும்? தீர்ப்பு ஆயாச்சு."

"நண்டு சாகல. நின்னுருக்கு. ஆறுனப்புறம் என்ன சொல்லுதுன்னு கேளுங்க. நாலு வருசமா வேக வேகக் கேட்டியளே, ஒருநாளாவது ஆற வச்சுக் கேட்டியளா? ஆக்கப் பொறுத்தியளே, ஆறப் பொறுக்க மாட்டியளா?"

"ஆறுன குண்டால நண்டு வைக்கிறதா? கறி கெட்டுப்போவும்ட்டி" என்றார் தஸ்நேவிஸ். கூட்டம் சிரித்தது. "பிடிச்சுத் தள்ளுங்கலே அவள" என்றான் லம்பர்ட்.

நான் சிரிக்கவில்லை. என் தலைக்குள் வேறொரு நண்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆறினால் இது திரும்புமா? திரும்பினால், அன்றைக்கு இரட்டித்ததே, அதுவும் திரும்பியிருக்குமா? திரும்பியிருந்தால் என் தம்பி? அந்த நிமிஷம் எனக்கு விளங்கிய கணக்கு இதுதான்: தொபியாஸ் மேல் விழுந்த பழி போக வேண்டுமானால், அவனுக்குத் தீ மூட்டினவள் பிழைக்க வேண்டும். அவள் கெட வேண்டுமானால் அவனும் திருடனாகவே இருக்க வேண்டும். மாதாவே, இப்படியும் ஒரு முடிச்சைப் போடுவாயா என்று வாய்விட்டுத் திட்டினேன்.

திட்டிக்கொண்டே போய்ப் பெண்பிள்ளைகளை இறக்கிவிட்டு, ஐஸ் பெட்டியைத் திறந்து, இரண்டு கட்டி ஐஸை உடைத்து ஒரு பாலிதீன் பையில் போட்டு இறுக்கி முடிந்தேன். ஐஸ் நல்ல தண்ணீர், கலந்தால் கடல் நண்டு செத்துவிடும், அதனால்தான் பை. லம்பர்ட் குறுக்கே வந்தான். கையிலிருந்த ஐஸ் உடைக்கிற கம்பியைக் கீழே வைக்காமலேயே அவனைப் பார்த்தேன். விலகினான். காலால் ஓலையைத் தட்டி அணைத்துவிட்டுப் பையைக் குண்டாவுக்குள் இறக்கினேன்.

"பிரகாசி, ஒனக்கு என்ன கிறுக்கா? இவ யாருன்னு மறந்துட்டியா?" என்றார் தஸ்நேவிஸ்.

"மறக்கல. இவளுக்காகப் பண்ணல. வாய மூடிட்டு இரும்."

கமிட்டித் தலைவரை ஒரு பெண்பிள்ளை வாயை மூடச் சொன்னது மூக்கன்துறையில் அதுதான் முதல் தடவை, அந்த அதிர்ச்சியிலேயே அவர் கொஞ்ச நேரம் மூடிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம் போனது. ஒன்றுமில்லை. பத்து நிமிஷம். நண்டு அசையாமல் கிடந்தது. வெரோணிக்காள் கொப்பளித்த கையைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்தாள். யாரோ, "மசாலா காயுது" என்றார்கள்.

தட்.

ஒன்றே ஒன்று. பிறகு நீண்ட இடைவெளி, பிறகு இன்னொரு தட். பிறகு நொண்டியது. கூட்டத்தில் ஒரு சின்னக் குழந்தை தாளைப் பார்த்து, "இப்ப சோரம்" என்றது. நொண்டல் மெல்ல மெல்ல நிமிர்ந்து, தட்தட்... தடதடதடதட்... என்று இரட்டித்தது. "இப்ப திருட்டு" என்றது அதே குழந்தை. அது என் தம்பியின் நண்டு தட்டிய தட்டு, நாலு வருஷமாகத் தூக்கத்தில் கேட்ட தட்டு. அது எங்கள் எல்லார் முன்னாலும் நின்று, யாருக்காகவும் அவசரப்படாமல், தட்டு தட்டாகத் தன்னைக் குறைத்துக்கொண்டு, பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. தட்... தடதட்... தட். கொலையிலிருந்து சோரத்துக்கும், சோரத்திலிருந்து திருட்டுக்கும் இறங்கி, ஒரு குற்றமும் இல்லாத தாளத்துக்கு வந்துவிட்டது.

"இந்த நண்டு பைத்தியம் பிடிச்ச நண்டு" என்றார் தஸ்நேவிஸ். அதற்குள் பூட்டிக் கிடந்த ஆறு வீட்டுக்காரர்களின் அண்ணன் தங்கைகள் கூட்டத்திலிருந்து எழுந்துவிட்டார்கள். இன்னொரு நண்டைப் போட்டார்கள், சூடாக்கினார்கள், உடைந்தது, ஆற்றினார்கள், திரும்பியது. பிறகு இன்னொன்று. எல்லாம் தன் தன் வழியில் உடைந்தன, தன் தன் வழியில் திரும்பின, திரும்பிச் சேர்ந்த இடம் ஒன்றாக இருந்தது. யாரோ தலைவர் வீட்டு மாடித் தொட்டியிலிருந்து ஒரு நண்டைத் தூக்கி வந்து, மிக்கேலின் விரலை நம்பாமல் இன்னும் கொஞ்சம் தீயைத் தள்ளினார்கள். அதுவும் நின்றது. நின்ற நண்டை ஆற விடாமல் தலைவர் தானே வெளியே எடுத்து வீசினார்.

வெரோணிக்காளுக்கு வீடு தங்கியது. அதற்காக ஊர் திருந்திவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒருத்தர்கூட மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றைக்குக் கறி இல்லாமல் போனதற்கு எங்கள் இருவரையும் திட்டினார்கள். கமிட்டி கூடி, போனது போகட்டும், போனவர்கள் வேண்டுமானால் வரலாம் என்று எழுதியது. யார்தான் கஸ்பாரின் வலையை வெட்டியது என்று ஒருவர் கேட்டதற்கு எல்லாரும் எழுந்து வேட்டியைத் தட்டினார்கள். சிமெண்ட் தாளை யாரும் கிழிக்கவில்லை, மழையில் ஊறி அதுவே விழுந்தது. அந்த மழையோடு நண்டுகளும் சத்தத்தை நிறுத்திக்கொண்டன. எப்போது நின்றது என்று யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

வெரோணிக்காள் ஒரு நாள் கொட்டகையில் என் பலகைக்கு ஒரு தாளை நகர்த்தினாள். தொபியாஸின் நம்பர், மீன் லாரி ஓட்டுகிறவனிடம் கேட்டு வாங்கியதாம். நன்றி என்றெல்லாம் நான் சொல்லவில்லை. மதியச் சோற்று நேரத்தில் வெளியே வேம்படியில் நின்று போன் போட்டேன்.

"யாரு?"

"நான்தாம்ல. பிரகாசி."

அவனுக்குப் பின்னால் படகு இன்ஜின் சத்தம் கேட்டது. நான் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனேன், குண்டா, ஐஸ், நின்றது, திரும்பியது, எல்லாம்.

"ஒன் நண்டும் திரும்பியிருக்கும்ல தொபியாசு. ஆற விட்டிருந்தா திரும்பியிருக்கும். நீ வெட்டலன்னு இப்ப ஊருக்கே தெரியும். கெளம்பி வா."

"ஊர விடு. நான் வெட்டலன்னு ஒனக்குத் தெரியாதாக்கா?"

தெரியும் என்று சொன்னால் அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்பான். தெரியாது என்று எப்படிச் சொல்வது? அவனை வளர்த்தவள் நான், அவன் உள்ளே எந்த நூல் எங்கே போகிறது என்று அறிந்தவள். அப்படி இருந்தும் அன்றைக்கு அவனுக்கும் ஒரு நண்டின் சாட்சி கேட்டு, தாளத்தைக் கேட்டு, கூட்டத்தோடு தலையாட்டினேன்.

"அன்னைக்கு நீயும் தின்னியா?"

"ஒரு கால்."

"நல்லா இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம், பிடித்துக் கொடுக்க இப்போது நண்டில்லை. "நல்லாத்தாம்ல இருந்துச்சு" என்றேன். "இனிச்சுக் கெடந்துச்சு."

வைத்துவிட்டான் என்று நினைத்தேன், ஆனால் இன்ஜின் சத்தம் வந்துகொண்டே இருந்தது. கொட்டகையில் மணி அடித்தார்கள், பெண்கள் கை கழுவிக்கொண்டு உள்ளே போனார்கள், சூப்பர்வைசர் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டான். ஆறட்டும் என்று போனைக் காதில் வைத்தபடியே நின்றேன்.